மென்பவளம் விரியவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் விளக்கைப் போட்டு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நேற்று வரை பூப்போல விரிந்து நின்ற லெதர் என்ற மென்பவளம் (கல் போன்ற கூடு இல்லாத, சதைப்பற்றான பவள வகை) இன்று மொழுமொழுவென்று மொட்டையாக நிற்கிறது. மனசு கேட்காது. உடனே பவளத்தை இடம் மாற்றுவோம், விளக்கைக் கூட்டுவோம், கடையில் கொடுத்த ஏதோ ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றுவோம், சாயங்காலம் பாதித் தண்ணீரையும் மாற்றிவிடுவோம். நான்கும் ஒரே நாளில். மறுநாள் பவளம் இன்னும் மோசமானால் எதனால் என்று தெரியாது. தேறிவிட்டாலும் எதனால் என்று தெரியாது.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், பிறகு ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். உடனே கை வைத்தே ஆக வேண்டியவை நான்குதான்: அம்மோனியா, தாமிரம், அதிகச் சூடு, மின்வெட்டு. மற்ற எல்லாவற்றுக்கும் பொறுமை தாங்கும்.

நான் எழுதுவது சென்னையில் ஒரு 150 லிட்டர் தொட்டியை வைத்துப் பராமரித்த அனுபவத்தில். அதில் லெதர், கென்யா ட்ரீ, ஸீனியா, ஜிஎஸ்பி என்று நாம் கூப்பிடும் பச்சை நட்சத்திரப் பவளம், மஷ்ரூம், சோவாந்திட் எல்லாம் உண்டு. உயிரியல்படி கடைசி இரண்டும் மென்பவளமே இல்லை, வேறு வரிசையைச் சேர்ந்தவை. ஆனால் வளர்க்கும் முறை ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பேசுகிறேன். கல் பவளங்கள், கடல்விசிறி, நெருப்புப் பவளம், கருப்புப் பவளம் ஆகியவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. குழல் குழலாக இருக்கும் ஆர்கன் பைப் பவளமும் அதில் அடக்கம். யாராவது விலை குறைவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்து வந்த பாறையையும் வாங்காதீர்கள். தொட்டியில் வளர்த்துப் பிரித்த துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை. வெப்பம் 25 முதல் 27 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1. காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். மென்பவளங்களுக்கு கால்சியம் செலவு குறைவு. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே போதும், தனியாக ஊற்ற வேண்டியதில்லை. டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அலமாரியில் கிடந்த கிட் பொய் சொல்லும்.

எல்லாப் பவளமும் ஒரே நாளில் சுருங்கினால்

ஒன்று மட்டும் சுருங்கினால் அந்தப் பவளத்தின் பிரச்சினை. எல்லாம் சேர்ந்து சுருங்கினால் தண்ணீரின் பிரச்சினை. இந்த ஒரு பிரிவினையே பாதி வேலையை முடித்துவிடும்.

முதல் சந்தேகம் உப்பின் மேல் வர வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தொட்டியில் தங்கிவிடும். கோடையில் மின்விசிறி ஓடும் என் தொட்டியில் தினமும் மூன்று லிட்டருக்கு மேல் இறங்கும். ஐந்து நாள் ஊருக்குப் போய் வந்தால் 15 லிட்டர் காணாமல் போயிருக்கும். 35 ஆக இருந்த உப்பு அப்போது கிட்டத்தட்ட 39 ஆகியிருக்கும். பதறிப்போய் 15 லிட்டர் நல்ல தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் அந்த இறக்கமும் ஓர் அடிதான். ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை பங்கு குறைகிற மாதிரி, பகுதி பகுதியாக ஊற்றுங்கள். அப்புறம் ஒரு ஃப்ளோட் வால்வோ ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரைத் தானாகச் சேர்க்கும் டாப்-அப் கருவியோ வாங்கி வைத்துவிடுங்கள். தொட்டிக்குச் செலவு செய்வதில் இதைவிட உருப்படியான செலவு எனக்குத் தெரியவில்லை.

அளக்கிற கருவியே தவறாகக் காட்டலாம். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் முள்ளின்மேல் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலே உப்பு அதிகமாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) நல்லது, ஆனால் அதை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. 36.5 கிராம் சுத்தமான உப்பை (சோடியம் குளோரைடு, தொட்டிக்குக் கலக்கும் உப்பு அல்ல) 963.5 கிராம் ஆர்ஓ நீரில் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள், கருவி 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகாணியைத் திருப்பி 35-க்குக் கொண்டுவாருங்கள். சமையலறைத் தராசு போதும், ஆனால் அது அரை கிராமாவது காட்டுகிற தராசாக இருக்கட்டும்.

உப்பு சரியென்றால் அடுத்தது வெப்பம். மே மாதம் அறையே 34 டிகிரி இருக்கும்போது தொட்டி 30-ஐத் தாண்டிவிடும். சூடு ஏற ஏற தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், பவளத்தின் மூச்சோ கூடும். நீர்ப்பரப்பின் குறுக்கே ஒரு சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாட்களில் விசிறியால் பெரிய பலன் இருக்காது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் அப்படிப்பட்ட நாட்களே அதிகம். ஏசி ஓடாத அறையில் பவளம் வளர்க்க ஆசைப்பட்டால், விளக்குக்கு முன்பே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்குப் பணம் ஒதுக்குங்கள். கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். விளக்கை பகலில் எரியவிடாமல் மாலை நான்கிலிருந்து இரவு பன்னிரண்டு வரை மாற்றிக்கொள்ளலாம், பவளத்துக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். உறைந்த பாட்டிலை மிதக்கவிட்டாலும் ஒரு மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சரியென்றால் அம்மோனியா. தொட்டி ஆரம்பித்து ஆறு வாரம் ஆகவில்லையா? அப்படியானால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா இன்னும் பாறையில் வேர் பிடிக்கவில்லை, பவளத்தை வைத்ததே அவசரம். பழைய தொட்டியில் அம்மோனியா காட்டினால் எங்கோ ஏதோ செத்துக் கிடக்கிறது. பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

நத்தைகள் விழுகின்றன, பவளம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறது

இது எங்கள் வீட்டில் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆர்ஓ தண்ணீரில் மிச்சமிருக்கும் உப்புகளையும் உறிஞ்சி எடுக்கும் டிஐ ரெசின் என்னிடம் தீர்ந்துவிட்டது. புதிது வரும்வரை சமையலறை ஆர்ஓ இயந்திரத்துத் தண்ணீரையே டாப்-அப்புக்கு ஊற்றினேன். குடிக்கிற தண்ணீர்தானே, கெட்டுப்போகவா போகிறது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. திருப்பி வைத்தால் காலை நீட்டவில்லை. உள்ளங்கை அகலம் இருந்த நீல மஷ்ரூம் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கியிருந்தது. உப்பு, வெப்பம், அம்மோனியா எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மீன்கள் நன்றாகச் சாப்பிட்டன. அந்த முரண்தான் துப்பு. மீன் நன்றாக இருக்க, முதுகெலும்பில்லாதவை மட்டும் விழுந்தால் தாமிரத்தை நினைக்க வேண்டும்.

இயந்திரத்தின் முன்பக்கத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். தண்ணீரில் தாமிரம் சேர்த்துத் தருவதாகப் பெருமையாக எழுதியிருந்தது. இன்று வீடுகளில் இருக்கும் பல இயந்திரங்களில் இப்படி ஒரு தாமிரக் குப்பி உண்டு. சிலவற்றில் சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரையும் கொஞ்சம் கலக்கும் அமைப்பு உண்டு. மனிதர்களுக்கு அது பரவாயில்லை. தொட்டியில் தினமும் மூன்று லிட்டர், மாதம் 90 லிட்டர் என்று ஊற்றும்போது நீர் ஆவியாகிவிடும், தாமிரம் மட்டும் சேர்ந்துகொண்டே வரும்.

செய்ய வேண்டியது இது. ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். தாமிர டெஸ்ட் கிட்டில் நிறம் லேசாக மாறினாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆர்ஓ-டிஐ நீரில் கலந்த உப்புத் தண்ணீரால் மூன்று நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம் மாற்றுங்கள். சம்பிலோ (தொட்டிக்குக் கீழே வடிகட்டுவதற்காக வைக்கும் சிறு தொட்டி) ஃபில்டரிலோ ஆக்டிவேட்டட் கார்பனும் தாமிரத்தை உறிஞ்சும் பேடும் வையுங்கள். பாறையும் மணலும் தாமிரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும், ஆகவே ஒரு தடவை சுத்தமாகக் காட்டியதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். என் மஷ்ரூம் பழைய அளவுக்கு வர நான்கு மாதம் ஆனது. நத்தை ஒன்றே ஒன்றை விட்டு, அது ஒரு மாதம் தாங்கிய பிறகுதான் மற்றவற்றை வாங்கினேன்.

தாமிரம் வேறு வழியிலும் வரும்: மீன் நோய்க்கு ஊற்றும் சில மருந்துகள், துருப்பிடித்த காந்தக் கிளிப், பித்தளைக் குழாய் இணைப்பு. மருந்து பாட்டிலில் காப்பர் என்று இருந்தால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

இறால் மட்டும் திடீரென்று செத்தால் தண்ணீரை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். கொசுவுக்கு வைக்கும் திரவ வேப்பரைசரிலும் சுருளிலும் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் அது விஷம், மீனுக்கும் விஷம்தான். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான் சரி.

இன்னொன்று, கடற்கரை பத்து நிமிடத்தில் இருக்கிறதே, அங்கேயே தண்ணீர் எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரை நான் தொட மாட்டேன். ஐப்பசி கார்த்திகை மழையில் அதன் உப்பும் இறங்கிப்போகும். உப்பு வாங்கிக் கலப்பதே நிம்மதி.

லெதர் மட்டும் நாள்கணக்கில் விரியவில்லை

இங்கேதான் நல்ல பவளத்தைப் பலர் கொன்றுவிடுகிறார்கள். டோட்ஸ்டூல் போன்ற லெதர் வகைகள் அவ்வப்போது தோல் உரிக்கும். பாலிப்புகள் எனப்படும், முடி போல நீட்டியிருக்கும் சிறு உடல்கள் உள்ளே போய்விடும், மேற்பரப்பில் மெழுகு பூசினாற்போல ஒரு பளபளப்பு ஏறும், அதன்மேல் பாசியும் தூசியும் படியும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு மூன்று வாரம் அப்படியே நிற்கும். பிறகு வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய ஏடு ஓரத்திலிருந்து கழன்று நீரோட்டத்தில் ஆடும். அடுத்த நாள் பார்த்தால் முன்பைவிட ஒரு விரல் அகலம் கூடி விரிந்திருக்கும்.

உரிக்கிறதா, அழுகுகிறதா என்று பிரித்துப் பார்க்க இரண்டு சோதனைகள். கையைச் சுத்தமாகக் கழுவி, கையுறை போட்டு, தண்டை மெதுவாகத் தொடுங்கள். விறைப்பாக ரப்பர் போல இருந்தால் உரிக்கிறது. கொழகொழவென்று விரல் உள்ளே போனால், கருத்த திட்டு தெரிந்தால், நீரிலிருந்து எடுத்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது அழுகல்.

உரிக்கிறது என்றால் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பி, ஏடு தானாகக் கழல உதவுங்கள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் தொட்டித் தண்ணீரையே இழுத்து மேலே பீய்ச்சலாம். நகத்தால் பிய்க்க வேண்டாம். அழுகல் என்றால் பவளத்தை ஒரு தட்டில் வெளியே எடுத்து, புது பிளேடால் அழுகிய பகுதியை அரை சென்டிமீட்டர் நல்ல சதையும் சேர்த்து வெட்டி எறியுங்கள். தனி வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, பவளத்துக்கென்றே விற்கும் அயோடின் கரைசலை அதன் பெட்டியில் சொன்ன அளவில் விட்டு நனைத்து, வேறொரு தொட்டித் தண்ணீரில் அலசி வையுங்கள். வெட்டும்போது லெதர் வெளியேற்றும் திரவம் மற்றப் பவளங்களுக்கு ஆகாது. எனவே தொட்டிக்குள் வைத்து வெட்டவே கூடாது, வெட்டிய வாரம் புது கார்பன் போட வேண்டும்.

அந்தத் திரவத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. லெதர் வகைகள் டெர்பீன் என்னும் வேதிப்பொருட்களை நீரில் விட்டு, பக்கத்து இடத்துக்காகச் சண்டை போடும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய லெதருக்குக் கீழ்நீரோட்டத்தில் இருக்கும் பவளங்கள் மட்டும் வரிசையாக வாடினால் காரணம் இதுதான். இடைவெளி விடுங்கள், கார்பனை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வெளிறிப் போகிறது, அல்லது கழுத்தை நீட்டிக்கொண்டே போகிறது

இரண்டும் வெளிச்சம் பற்றியவை, எதிரெதிர்ப் பக்கத்தில். பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது, உணவும் பெரும்பாலும் அதுவே சமைத்துக் கொடுக்கிறது. வெளிச்சமோ சூடோ மிஞ்சினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கும். 2016-ல் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததும் இந்த வழியில்தான். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு, நிறம் பழுப்பேறி, விளக்குப் பக்கமாகச் சாயும்.

மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும், மஷ்ரூமுக்கு அதிலும் குறைவு. பார் மீட்டர் எல்லோரிடமும் இருக்காது. புது எல்ஈடி விளக்கை 30 சதவீதத்தில் தொடங்கி வாரம் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். வெளுத்ததை நிழலுக்கு இறக்குங்கள், விளக்கைக் குறைத்து எல்லாவற்றையும் பட்டினி போடாதீர்கள். புதிதாக வாங்கி வந்ததை முதல் இரண்டு வாரம் மணலில்தான் வைக்க வேண்டும்.

பழுப்பு, சிவப்பு வழவழப்பு படர்கிறது

புதுத் தொட்டியில் மணல்மேல் காப்பித்தூள் தூவினாற்போல பழுப்பு படிந்தால் அது டயட்டம் என்ற நுண்பாசி. சில வாரத்தில் தானே போய்விடும். கருஞ்சிவப்புப் போர்வை மாதிரி விரித்து, இழுத்தால் தகடாக உரிந்து வந்தால் அது சயனோ பாக்டீரியா. சைஃபனால் உறிஞ்சி எடுத்து, அந்த மூலைக்கு நீரோட்டத்தைக் கூட்டி, தீவனத்தைக் குறைத்தால் அடங்கும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடும் வழக்கம் வேண்டாம், பாறையில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடும்.

மூன்றாவதுதான் தலைவலி. சளி மாதிரி பழுப்பு நூல்கள், நுனியில் காற்றுக்குமிழிகள், காலையில் குறைந்து மாலையில் தொட்டியெங்கும் தொங்கும். அது டைனோஃபிளாஜெல்லேட். உறுதி செய்ய, கொஞ்சத்தை சிரிஞ்சில் உறிஞ்சி ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்த நீரில் மறுபடி நூலாகத் திரண்டால் அதேதான்.

டைனோ வருவது பெரும்பாலும் அதிச் சுத்தமான தொட்டியில். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் ஆனால் போட்டிக்கு வேறு பாசி வளராது, இது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்தி, பாஸ்பேட் உறிஞ்சும் துகள்களை எடுத்துவிட்டு, தீவனத்தைக் கூட்டி, நைட்ரேட்டை 5-க்கு மேலும் பாஸ்பேட்டை 0.05-க்கு மேலும் கொண்டுவாருங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைப் போர்வையால் மூடினால் வேகம் குறையும். மென்பவளங்கள் அதைத் தாங்கும்.

சோவாந்திட் மட்டும் மூடியே இருக்கிறது

தண்ணீர் சரியாக இருந்தால் இது பெரும்பாலும் பூச்சி. இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். சோவாந்திட்டின் நிறத்திலேயே, முதுகில் சுருக்கம் சுருக்கமாக இருக்கும் சிறு ஓடற்ற நத்தை அதைத் தின்னும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தட்டையான சன்டயல் நத்தையும் தின்னும். பவள டிப்பில் (பூச்சியை விரட்டும் மருந்துக் கரைசல்) முக்கி எடுத்து, முட்டைச் சுருள்களைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து அகற்றி, ஒரு வாரம் கழித்து மறுபடி முக்குங்கள்.

முக்குவதற்கு முன் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வேலையே வேண்டாம். சோவாந்திட், பாலித்தோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. பாறையில் வேண்டாத பாலிப் இருக்கிறதே என்று கொதிக்கும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அந்த ஆவியை மூச்சிழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உலகில் உண்டு.

மஷ்ரூம் கழன்று மிதக்கிறது, ஸீனியா கரைகிறது

மஷ்ரூம் தன் பாறையை விட்டுப் போவது பெரும்பாலும் வெளிச்சமோ நீரோட்டமோ அதற்கு அதிகம் என்பதால். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாறைத்துண்டுகள் போட்டு, மஷ்ரூமை மேலே வைத்து, கொசுவலைத் துணியால் மூடி நிழலான மூலையில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். பசை அதில் நிற்காது.

ஸீனியா கை மூடித் திறப்பது ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் சதையில் தேங்காமல் விசிறித் தள்ளுவதற்காக. திடீரென்று நின்று கூழாகக் கரைந்தால் காப்பாற்ற முடிவது அரிது. நன்றாக இருக்கும் ஒரு கிளையை வெட்டி வேறு பாறையில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு, மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் வாடிவிட்டது

கரண்ட் போனதும் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் வேவ்மேக்கரை மட்டும் அதில் இணையுங்கள், பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கும். இரண்டும் இல்லையென்றால் ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, அரை அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம். புயல் இரவுகளில் வீட்டில் எல்லோரும் முறை வைத்து இதைச் செய்து தொட்டியைக் காப்பாற்றியிருக்கிறோம். அந்த நேரத்தில் தீவனம் போடாதீர்கள்.

கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். மூடிய டப்பாவில் பல மணி நேரம் நின்ற தண்ணீர் கெட்டிருக்கும், உள்ளே பாக்டீரியாவும் செத்திருக்கும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். அன்று இரவும் மறுநாள் காலையும் அம்மோனியா பாருங்கள். லேசாகக் காட்டினாலும் 20 சதவீதம் மாற்றுங்கள். பவளங்கள் விரிய மூன்று நான்கு நாள் ஆகும், அதுவரை எதையும் இடம் மாற்ற வேண்டாம்.